மேர்ட்சன் பீர்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

மியூனிக் நகரின் பீர்த் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்டின் விளம்பரங்களில் செம்பொன் நிறத்தில் நுரை ததும்பும் குவளையைப் பார்த்துவிட்டு மியூனிக் போகிறவர்களுக்கு முதல் ஏமாற்றம் கூடாரத்திலேயே காத்திருக்கிறது. அங்கே மேசைக்கு வருவது பெரும்பாலும் வெளிர் பொன்னிற பீர்தான். விளம்பரத்தில் பார்த்த செம்பொன் நிற பீருக்கு மேர்ட்சன் என்று பெயர்; அது லாகர், அதாவது குளிரில் நொதித்து ஊறும் வகை. அதைக் கடை பாட்டில்களிலும், மியூனிக்குக்கு வெளியே உள்ள சில பீர் ஆலைகளிலும் தேட வேண்டும். திருவிழாவுக்குப் போவது ஒரு வேலை, மேர்ட்சன் குடிப்பது வேறொரு வேலை. முதலிலேயே பிரித்துக்கொண்டால் பணமும் அலைச்சலும் மிச்சம்.

படிக்கவோ வேலைக்கோ ஜெர்மனி வந்தவர்களையும், செப்டம்பரில் சுற்றிப்பார்க்க வருகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கே உரிய சில நடைமுறைகள் முன்கூட்டித் தெரியாவிட்டால் காசு கரையும்.

1. லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். பாட்டிலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது ஆல்கஹால் அளவு. மேர்ட்சனுக்கு அது 5.6 முதல் 6.3 சதவீதம் வரை இருக்கும். இரண்டாவது, ‘ஷ்டம்வூர்ட்ச’ என்று அச்சிட்டிருக்கும் எண். நொதிப்பதற்கு முன் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றில் எவ்வளவு கரைபொருள் இருந்தது என்பதை அது சொல்லும். ஜெர்மன் மேர்ட்சன் என்றால் 13 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எல்லா ஆலைகளும் இதை அச்சிடுவதில்லை. அச்சிட்டிருந்தால் நம்பகமான குறி. மூன்றாவது நிறம். பழுப்பு பாட்டிலுக்குள் நிறம் தெரியாது என்பதால் லேபிளில் ‘பெர்ன்ஷ்டைன்’ (செம்பொன்) என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். ‘கோல்ட்’, ‘ஹெல்’ என்று இருந்தால் அது வெளிர் பீர்.

ஜெர்மனியில் தேட வேண்டியவை: மியூனிக்கின் ஹாக்கர்-ப்ஷோர் ஆலையின் அக்டோபர்ஃபெஸ்ட் மேர்ட்சன், அருகிலுள்ள ஆயிங் ஊரின் ஆயிங்கர் ஃபெஸ்ட்-மேர்ட்சன். இரண்டும் 5.8 சதவீதம். முதல் முறை குடிப்பவருக்கு ஆயிங்கரைத்தான் நாங்கள் சொல்வோம். மால்ட் வாசனை அதில் தெளிவாகத் தெரியும்.

இனி சிக்கல்கள். ஆஸ்திரியாவில் மேர்ட்சன் என்றால் அன்றாடம் குடிக்கும் சாதாரண பொன்னிற லாகர். கோஸர் மேர்ட்சன் 5.2 சதவீதம், நல்ல பீர்தான், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. சால்ஸ்பர்க் பக்கம் போனால் இந்தக் குழப்பம் நிச்சயம் வரும்.

ஏற்றுமதியிலும் ஒரு குழப்பம் உண்டு. பவுலானர் ஆலை அமெரிக்காவுக்கு அனுப்புவது செம்பொன் நிற அக்டோபர்ஃபெஸ்ட் மேர்ட்சன். மியூனிக் கூடாரத்தில் அதே ஆலை ஊற்றுவது வெளிர் பொன்னிறம். ஷ்பாட்டன் ஊர்-மேர்ட்சனும் அமெரிக்க அலமாரிகளில்தான் அதிகம் தென்படும். அங்கே இருக்கும் உறவினர் பரிந்துரைத்த பாட்டிலை மியூனிக் கடையில் கேட்டால் கிடைக்காமல் போவது இதனால்தான்.

பாம்பெர்க் நகரின் ஷ்லெங்கெர்லா மேர்ட்சன் தனி ரகம். பீச் மர நெருப்பில் மால்ட்டை உலர்த்துவதால் புகை வாசனை தூக்கலாக இருக்கும், 5.1 சதவீதம், ஆண்டு முழுவதும் கிடைக்கும். முதல் மேர்ட்சனாக அதைத் தொடாதீர்கள். பீர் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கொட்டிவிடுவீர்கள். சாதா மேர்ட்சன் நாக்குக்குப் பழகிய பிறகு, நியூரம்பெர்க்கிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போய், டொமினிகானர் தெருவில் இருக்கும் அவர்களுடைய பழைய மதுவிடுதியிலேயே குடித்துப் பாருங்கள். மூன்றாவது குவளையில்தான் பிடிபடும் என்று உள்ளூரில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. கையில் ரொக்கம் இருக்கட்டும்.

2. நாள் குறித்துக்கொள்ளுங்கள்

திருவிழா பீர்கள் ஆகஸ்ட் கடைசியில் கடைக்கு வரும், அக்டோபர் நடுவில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நவம்பரில் போய்த் தேடாதீர்கள். அக்டோபர்ஃபெஸ்ட் தொடங்குவது செப்டம்பர் 15-க்குப் பிந்தைய சனிக்கிழமை. முடிவது வழக்கமாக அக்டோபரின் முதல் ஞாயிறு. அந்த ஞாயிறு 1 அல்லது 2-ஆம் தேதி என்றால் 3 வரை நீளும். 2026-இல் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை.

மேர்ட்சன் மட்டும்தான் நோக்கம் என்றால் செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களே நல்லது. பாட்டில்கள் புதிதாக வந்திருக்கும், தங்கும் அறை வாடகை இன்னும் ஏறியிருக்காது, பீர்த் தோட்டங்கள் திறந்திருக்கும், மேசைக்கு அடிதடி இருக்காது.

3. வாங்குவதும் பாட்டில் முன்பணமும்

சூப்பர் மார்க்கெட்டை விட ‘கெட்ரெங்கமார்க்ட்’ எனப்படும் பானக் கடைகளில் வகை அதிகம். அரை லிட்டர் பாட்டில் ஏறக்குறைய 1.10 முதல் 1.60 யூரோ. இருபது பாட்டில் கொண்ட பெட்டி 18 முதல் 24 யூரோவுக்குள் வரும்.

இதற்கு மேல் ‘ஃபான்ட்’ என்ற திரும்பக் கிடைக்கும் முன்பணம் உண்டு. சாதாரண மூடி பாட்டிலுக்கு 8 சென்ட், கம்பிப் பிடி வைத்த மூடி பாட்டிலுக்கு 15 சென்ட், கேனுக்கு 25 சென்ட். சாதா பாட்டில் பெட்டிக்கு மொத்தம் 3.10 யூரோ (பெட்டிக்கு 1.50, பாட்டில்களுக்கு 1.60). அலமாரி விலையில் இது சேராது, பில்லில்தான் வரும். காலிப் பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் ஒரு சீட்டு வரும். அதை அதே கடையின் கல்லாவில் கொடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்; வேறு கடையில் செல்லாது. மூடியைத் தொலைத்தாலும் பரவாயில்லை. பாட்டில் உடைந்தால் இயந்திரம் வாங்காமல் திருப்பித் தள்ளலாம்.

அடையாள அட்டை: ஜெர்மனியில் பீருக்கு வயது 16, வடிமதுவுக்கு 18. இளமையாகத் தெரிந்தால் கல்லாவில் கேட்பார்கள். பாஸ்போர்ட்டையோ வதிவிட அட்டையையோ அசலாக வைத்திருங்கள். போனில் இருக்கும் படத்தைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

‘எம்ஹாடே’ என்ற குறைந்தபட்ச ஆயுள் தேதியைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். செப்டம்பரில் வாங்கும் பாட்டிலில் அடுத்த ஆண்டு பிப்ரவரி, மார்ச் என்று இருந்தால் புதியது. சில கடைகளில் மிஞ்சி, ஜனவரியில் பாதி விலைக்குக் கிடக்கும் திருவிழா பீர், பார்க்க ஆதாயமாக இருக்கும். மேர்ட்சனின் உயிரான மால்ட் வாசனை அதற்குள் மங்கிப்போயிருக்கும். ஜன்னல் ஓரத்தில் வெயில் படும் பெட்டியையும் தொட வேண்டாம். ஒளி பட்டால் ஹாப்ஸ் என்ற பீர்ப் பூவின் கசப்புப் பொருள் சிதைந்து முடைநாற்றம் வரும். பழுப்பு கண்ணாடி பெருமளவு காக்கும். பச்சையும் வெள்ளையும் காக்காது.

4. குளிர், கண்ணாடி, ஊற்றும் விதம்

மேர்ட்சனைக் குடிக்க 7 முதல் 9 டிகிரி சரி. நம்மூர் வழக்கப்படி ஐஸ் போலக் குளிரவைத்தால் நாக்கு மரத்து, எந்த லாகரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வீட்டுக் குளிர்பெட்டி வழக்கமாக 4, 5 டிகிரியில் இருக்கும். பாட்டிலை வெளியே எடுத்துக் கால் மணி நேரம் வையுங்கள். குவளையை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்த கண்ணாடியில் நுரை தாறுமாறாகப் பொங்கும், உருகும் பனி பீரில் கலக்கும்.

நுரை நிற்கவில்லை என்றால் பீரைக் குறை சொல்லும் முன் கண்ணாடியைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு, சோப்பு மிச்சம், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் பளபளப்புத் திரவம் மூன்றும் நுரைக்கு எதிரி. தாளிப்பு எண்ணெய் பறக்கும் நம் சமையலறையில் திறந்த அலமாரியில் இருக்கும் கண்ணாடியில் ஒரு மெல்லிய படலம் இருந்தே தீரும். பீருக்கென்று இரண்டு கண்ணாடியைத் தனியாக ஒதுக்கி, கையால் கழுவி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள். ஊற்றும் முன் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறை அலசுங்கள்.

கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து மூன்றில் இரண்டு பங்கு வரை ஓரமாக ஊற்றுங்கள். பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழும். நுரையே வராமல் ஊற்றுவதைத் திறமை என்று நினைக்காதீர்கள்; வாயு முழுக்கப் பீரிலேயே தங்கி வயிறு உப்பும், வாசனையும் மேலே வராது.

5. சுவைக்கும்போது எதைத் தேடுவது

முதல் மிடறுக்கு முன் முகர்ந்து பாருங்கள். மியூனிக் மால்ட், வியன்னா மால்ட் என்று சற்றுக் கூடுதலாக வறுபட்ட பார்லிதான் மேர்ட்சனுக்கு அடிப்படை. அதனால் அடுப்பில் சற்றே முறுகிய ரொட்டி ஓரத்தின் மணம் வரும். காபி, கருகல், கெட்டியான கேரமல் வாசனை வரக் கூடாது.

வாயில் வைத்ததும் இனிப்பாகத் தொடங்கும். விழுங்கியபின் இனிப்பு நிற்கக் கூடாது. மேர்ட்சனின் தரத்தைச் சொல்வது இந்த இடம்தான். மால்ட்டின் செழுமை நாக்கில் நிறைந்து, முடிவில் வறண்டு, அடுத்த மிடறுக்கு இடம் விட வேண்டும். வாயில் பாகு போல ஒட்டினால் சரியாக நொதிக்காத பீர், அல்லது கேரமல் மால்ட்டை அள்ளிப் போட்டு நிறம் ஏற்றியது. ஜெர்மனிக்கு வெளியே இந்தப் பெயரில் விற்கும் சிறு ஆலை பீர்களில் இந்தக் கோளாறு சாதாரணம். ஹாப்ஸ் கசப்பு 18 முதல் 24 ஐபியு (கசப்பை அளக்கும் அலகு); இனிப்பைச் சமன் செய்யும் அளவுக்குத்தான். எலுமிச்சை, மாம்பழ வாசனையெல்லாம் இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

குளிரில் பல வாரங்கள் ஊறவைப்பதால்தான் லாகருக்கு அந்த வழவழப்பு. அவசரப்பட்டால் காட்டிக்கொடுக்கும் குறைகள் சில உண்டு. வெண்ணெய் வாசனை வந்தால் அது டையசெட்டில் என்ற பொருள்: ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும் முன் குளிர்வித்துவிட்டார்கள், அல்லது விடுதியின் குழாய் சுத்தமில்லை. வேகவைத்த மக்காச்சோள வாசனை வந்தால் மால்ட் சாற்றைப் போதுமான அளவு கொதிக்கவிடவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாசனை என்றால் பழசு, காற்றுப் பட்டது. விடுதியில் வெண்ணெய் வாசனை வந்தால் தயங்காமல் சொல்லுங்கள், ஒழுங்கான இடத்தில் மாற்றித் தருவார்கள். புகை வாசனை மட்டும் புகை மேர்ட்சனில் குறை அல்ல.

ஒரே நேரத்தில் ஒரு மேர்ட்சனும் ஒரு வெளிர் திருவிழா பீரும் வாங்கி அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஆல்கஹால் கிட்டத்தட்ட ஒன்றுதான். மால்ட்டின் வித்தியாசம் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும், இதைவிட நல்ல பாடம் இல்லை.

6. விடுதியிலும் பீர்த் தோட்டத்திலும்

மியூனிக்கில் குழாயில் மேர்ட்சன் இருக்கிறதா என்று முன்கூட்டிப் போனில் கேளுங்கள். ஹோஃப்பிராய்ஹவுஸ் என்ற பெரிய பீர்க்கூடத்துக்கு எதிரே இருக்கும் ஆயிங்கர் விடுதியில் தொடங்கலாம். நேரம் இருந்தால் எஸ்-பான் ரயிலில் ஆயிங் ஊருக்கே போய்விடுங்கள். அரை லிட்டருக்கு நகரத்தில் 5 யூரோவை ஒட்டி வரும்.

‘ஷ்டம்டிஷ்’ என்று பலகை வைத்த மேசை வாடிக்கையாளர்களுக்கானது, காலியாக இருந்தாலும் உட்காராதீர்கள். மற்ற நீள மேசைகளில் காலி இடம் இருந்தால் கேட்டுவிட்டு அந்நியரோடு உட்காரலாம், அது இங்கே இயல்பு. பணியாளர் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையில் ஒவ்வொரு பீருக்கும் பேனாவால் ஒரு கோடு போடுவார். அதுதான் உங்கள் பில். கிழித்து விளையாடாதீர்கள். பணம் கொடுக்கும்போது அன்பளிப்பைச் சேர்த்து மொத்தத் தொகையைச் சொல்ல வேண்டும், 18.40 என்றால் “20” என்று சொன்னால் போதும். மேசையில் சில்லறையை விட்டுவிட்டு எழுவது இங்கே வழக்கமில்லை.

பவேரியாவின் மரபான பீர்த் தோட்டங்களில் சுயசேவை மேசைகளுக்கு உங்கள் சொந்த உணவைக் கொண்டுபோகலாம். எலுமிச்சை சாதமும் வறுவலும் எடுத்துப்போனாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். பானம் மட்டும் அங்கே வாங்க வேண்டும். விரிப்பு போட்ட மேசை என்றால் பணியாளர் பரிமாறும் பகுதி, அங்கே டப்பாவைத் திறக்காதீர்கள்.

மேர்ட்சனோடு சேர்வது வறுபட்ட, உப்பான உணவு. ‘ஹெண்டில்’ எனும் அரைக்கோழி வறுவல், பன்றி வறுவல், கம்பியில் சுட்ட மீன் எல்லாம் பொருந்தும். சைவர்களுக்கு பிரெட்ஸல், காமம்பேர் சீஸில் வெண்ணெயும் காரமில்லாத பாப்ரிகாத் தூளும் பிசைந்த ‘ஒபாட்ஸ்டா’, ‘கேஸ்ஷ்பெட்ஸ்ல’ எனும் சீஸ் நூடுல்ஸ் உண்டு. எச்சரிக்கை: பவேரிய உருளைக்கிழங்கு சாலட்டில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு ஊற்றுவார்கள், முட்டைகோஸ் வகைகளில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். தட்டில் இறைச்சி தெரியாததால் சைவம் என்று முடிவு கட்டாமல் கேட்டுவிடுங்கள்.

7. திருவிழாக் கூடாரத்துக்கும் போவதாக இருந்தால்

மியூனிக்கின் ஆறு ஆலைகள் மட்டுமே அங்கே பீர் கொடுக்கலாம்: அவுகுஸ்டினர், ஹாக்கர்-ப்ஷோர், ஹோஃப்பிராய், லோவன்பிராய், பவுலானர், ஷ்பாட்டன். மைதானத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ‘பழைய வீஸன்’ என்ற தனிப் பகுதிக்கு மட்டும் 2025-இல் 4 யூரோ வாங்கினார்கள். பீர் ஒரு லிட்டர் ‘மஸ்’ குவளையில்தான். 2025-இல் விலை 14.50 முதல் 15.80 யூரோ வரை இருந்தது. குவளை வந்ததும் ரொக்கமாகக் கொடுங்கள். அன்பளிப்பும் சேர்த்து ஒன்றுக்கு 17 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவை அந்தந்தக் கூடாரத்தின் இணையதளத்தில் மட்டும் செய்யுங்கள். நகராட்சியோ பொது டிக்கெட் அலுவலகமோ இதைச் செய்வதில்லை. மேசை முழுதாக, 8 முதல் 10 பேருக்கு. இடத்துக்குக் காசில்லை, ஆளுக்கு இரண்டு மஸ், அரைக்கோழி என்ற கணக்கில் கூப்பன் வாங்க வைப்பார்கள். பத்துப் பேர் மேசைக்கு 500 யூரோவை ஒட்டி வரும். வசந்த காலத்திலேயே விண்ணப்பம் தொடங்கும் கூடாரங்கள் உண்டு. மறுவிற்பனைத் தளங்களில் பல மடங்கு விலைக்கு வரும் சீட்டுகளைப் பல கூடாரங்கள் ஏற்பதில்லை, காசு போனது போனதுதான்.

முன்பதிவு இல்லாமலும் போகலாம். திங்கள் முதல் வியாழன் வரை, மதியம் 2 மணிக்குள், இரண்டு மூன்று பேராகப் போங்கள். சனிக்கிழமை என்றால் காலையிலேயே வரிசை. உட்கார இடம் பிடிக்காமல் பீர் கொடுக்க மாட்டார்கள், ஆகவே முதலில் பெஞ்சு, பிறகு பேச்சு. பீர் பரிமாறுவது வார நாட்களில் காலை 10 மணி முதலும் வார இறுதியில் 9 மணி முதலும், இரவு 10.30-க்கு நிறுத்திவிடுவார்கள்.

பை 20 × 15 × 10 சென்டிமீட்டருக்கு மேல், அல்லது 3 லிட்டர் கொள்ளளவுக்கு மேல் இருந்தால் உள்ளே விட மாட்டார்கள். முதுகுப்பையை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். தெரேசியன்வீஸ சுரங்க ரயில் நிலையம் நெரிசலில் மூடப்படும். கோதெப்ளாட்ஸில் இறங்கினாலும், முக்கிய ரயில் நிலையத்திலிருந்து நடந்தாலும் கால் மணி நேரம்தான். குவளையின் கோட்டுக்குக் கீழே பீர் நின்றால், வாய் வைக்கும் முன்பே நிரப்பித் தரக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. குவளையைப் பையில் திணித்துக்கொண்டு வெளியேறுவது திருட்டு, வாசலில் பிடிப்பார்கள். நினைவுக்கு ஒன்று வேண்டுமென்றால் அங்கேயே விலைக்கு விற்கிறார்கள்.

8. குடித்தபின் கணக்கு

6 சதவீத பீர் ஒரு லிட்டரில் 60 மில்லி, அதாவது 47 கிராம் சுத்த ஆல்கஹால். வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் 70 கிலோ ஆணுக்கு இரத்தத்தில் ஆயிரத்துக்கு 0.8 முதல் 1 பங்கு வரை ஏறும். எடை குறைந்தவர்களுக்கு இன்னும் அதிகம். கார் ஓட்ட ஜெர்மன் வரம்பு 0.5. வயது 21-க்குக் கீழே என்றாலோ, உரிமம் பெற்ற முதல் இரண்டு ஆண்டு சோதனைக் காலத்திலோ பூஜ்யம். 0.3-லேயே தள்ளாட்டம் தெரிந்தாலோ விபத்து நடந்தாலோ வழக்கு வரும்.

வாடகை இ-ஸ்கூட்டருக்கும் கார் விதிதான். திருவிழா இரவில் பலர் மாட்டுவது அதில்தான். உடல் மணிக்கு 0.1 முதல் 0.15 வரைதான் கழிக்கும். இரவு 10 மணிக்கு இரண்டு மஸ் முடித்தவர் காலை 8 மணிக்கும் வரம்புக்கு மேலே இருக்கலாம். காபியும் குளியலும் இந்தக் கணக்கை மாற்றாது. மறுநாள் காலையில் வாடகைக் கார் எடுக்கும் திட்டம் இருந்தால் மாலைக்குத் தள்ளிவிடுங்கள்.

9. இந்தியாவுக்கு எடுத்துச் செல்வது

பயணி ஒருவருக்கு மது வகை எல்லாம் சேர்த்து 2 லிட்டர் வரை சுங்கமின்றி அனுமதி. பீர் என்றால் அரை லிட்டரில் நான்கு பாட்டில். விமான நிலையத்தில் விஸ்கி வாங்கினால் அதுவும் இதே கணக்கில் வரும், பலர் மறப்பது இதைத்தான். பாட்டிலோடு சேர்த்து ஒன்று ஏறக்குறைய 900 கிராம், நான்குக்கு மூன்றரை கிலோ. பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் போகாது, ஆகவே பெரிய பெட்டியிலேயே வையுங்கள். ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, துணியில் சுற்றி, பெட்டியின் நடுவில் நிற்கவையுங்கள். வாங்கிய ரசீதையும் கூடவே வையுங்கள்.

ஊர் வந்ததும் நேராகக் குளிர்பெட்டிக்குள். சென்னை வெயிலில் மேசை மேல் சில வாரம் கிடந்த மேர்ட்சன் அட்டைப்பெட்டி வாசனைக்கு வந்துவிடும். தேதி மிச்சம் இருந்தாலும் ஒரு மாதத்துக்குள் திறந்துவிடுங்கள்.